என் தம்பி தின்ற மாத்திரை

என் தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. யார் கேட்டாலும் அவன் சொல்லுகிற பதில் அதுதான். லாரியிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தபோதும் ஒன்றும் இல்லை என்றான். பெண்டாட்டி பெட்ரீசியாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் "சாப்டியாடா?" என்று கேட்டேன். அப்போதும் "ஒன்னும் இல்லக்கா" என்றான். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தம் வேண்டாமா? அவனுக்கு வேண்டாம்.

நான் அவனுக்கு மூத்தவள், பெர்னடெட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈப்போவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் நின்று நின்றே காலம் போனது. பெட்ரீசியா போனபிறகு, அவர்கள் மகள் ஜூடித்துக்குச் சோறு போட ஆள் வேண்டுமென்று செமோரில் இருக்கிற அவன் வீட்டுக்கு வந்தேன். வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள். ஊமை மாதிரி ஒருத்தன் இருக்கிற வீட்டில் இன்னொருத்தியாவது பேச வேண்டுமே.

தம்பி மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டினான். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குலை லாரி ஓட்டினான். முட்டி கெட்டபிறகு லாரியும் போயிற்று. அதற்குள் நாங்கள் பிறந்த தோட்டத்தையே விற்று, மரத்தையெல்லாம் சாய்த்து, மதில் எழுப்பி, உள்ளே வரிசையாக மாடி வீடுகளைக் கட்டிவிட்டார்கள். அந்தக் கேட்டில்தான் அவனுக்கு ஜாகா வேலை, அதாவது காவல்காரன் வேலை, கிடைத்தது. பிறந்த இடத்துக்குள் ஒரு வேலையாகப் போக வேண்டுமென்றாலும் யார் வீட்டுக்கு, எதற்கு என்று எழுதிவிட்டுத்தான் அவனே போக வேண்டும். இதைச் சொல்லிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

அந்தக் காவல் கூண்டை ஒருநாள் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆள் ஒருவர் கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். ஒரு முக்காலி, ஒரு காற்றாடி. கக்கூஸ் கிடையாது. மேலே ஒரு கேமரா. திருடனைப் பார்க்க வைத்த கேமரா என்று நினைத்தேன். இல்லை, அது ஜாகாவைப் பார்க்கிற கேமரா. முக்காலியில் கொஞ்சம் நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் கம்பெனி சூப்பர்வைசர் போன் அடிப்பான். பகலுக்கு என் தம்பி, இரவுக்கு ஜெயபாலன். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. ஒருத்தன் வந்தால்தான் இன்னொருத்தன் வெளியே கால் வைக்கலாம்.

ஜெயபாலன் ஆறடி ஆள், வாய் நிறையக் கேலி. அவனுக்கும் முட்டி வலி. நிற்கிற வேலை செய்கிறவர்களில் யாருக்குத்தான் இல்லை? இரண்டு பேரும் பாசார் மாலாமில், அதுதான் நம்முடைய இரவுச் சந்தையில், பேர் இல்லாத பிளாஸ்டிக் பொட்டலத்தில் விற்கிற ஒரு மாத்திரையை வாங்குவார்கள். அதைப் போட்டால் வலி போன இடம் தெரியாது. "டாக்டரைப் பாருடா" என்று நான் சொல்லாத நாள் இல்லை. டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே தம்பி முகம் மாறிவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. சதாசிவம் என்று இன்னொரு ஜாகா இருந்தார். கம்பெனிக்காரன் வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் உடம்பு சோதிக்க அனுப்புவான். போன வருடம் சதாசிவத்துக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, என்று தெரிந்தது. அடுத்த வாரமே சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த வருடச் சோதனை ஈஸ்டர் கழித்து. அதில் தேறாவிட்டால் வேலை போகும். அறுபதை நெருங்குகிற ஆளுக்கு, முட்டி கெட்டவனுக்கு, இதைவிட்டால் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அந்தப் பயம் அவன் கழுத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி கிடந்தது. நான் அதை அறியாதவள் இல்லை.

போன வருடக் கடைசியில் அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மாடிதான் ஏற வேண்டும். பாதியில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பாசாங்கு பண்ணுவான். போனில் வெளிச்சமே இருக்காது. உதடு வெளுத்துக் கிடந்தது. ஐஸ்பெட்டியில் தண்ணீர் உறைய வைக்கிற தட்டு எப்போதும் காலி. கடக் முடக்கென்று ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பான். "பல்லு போயிரும்டா" என்று திட்டினேன். அதை ஒரு நோய்க்கு அடையாளம் என்று யார் கண்டார்கள்?

அந்த நேரத்தில்தான் ஜூடித் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் ராட்னிக்கு ஜொகூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். அவளைச் செமோர் கிளினிக்கில் காட்டினோம். என் தம்பி தன் ஓய்வு நாளில், ஜெயபாலன் பகலும் சேர்த்து நிற்க, காரை ஓட்டிக்கொண்டு வருவான், நான் கூடப் போவேன். அங்கே மிசி புஷ்பலதா. நர்ஸை மிசி என்றுதான் நாங்கள் சொல்லிப் பழக்கம். கண்டிப்பான பெண். கர்ப்பிணிகளை உட்கார வைத்து அன்றைக்கு இரத்தசோகையைப் பற்றிப் பேசினாள்.

"படி ஏறுனா மூச்சு வாங்குதா, நெஞ்சு படபடன்னு அடிக்குதா, சும்மா சும்மா ஐஸ்கட்டி கடிக்கணும்போல இருக்கா, வந்து சொல்லுங்க. ரத்தத்துல இரும்பு கொறஞ்சா இப்படிலாம் காட்டும். சோம்பேறித்தனம்னு நெனச்சிக்கிட்டு வீட்டுலயே இருந்துராதீங்க. வெரல்ல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். டெஸ்ட்டு அவ்வளவுதான்" என்றாள்.

இரும்பு மாத்திரையைப் பற்றியும் சொன்னாள். டீயோடும் காப்பியோடும் போடக் கூடாது, போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. ஆரஞ்சுச் சாற்றோடு போட வேண்டும். மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். பின்வரிசையில் புருஷன்மாரோடு உட்கார்ந்திருந்த என் தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். காரில் வரும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, "இது பொம்பளைங்களுக்கு வர்ற சாக்கிட் தானேம்மா?" என்று மகளைக் கேட்டான். சாக்கிட் என்றால் எங்கள் பேச்சில் நோய். "எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் அதிகமாம்பா" என்றாள் ஜூடித். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

மறுநாள் வேலை மாறுகிற நேரத்தில் ஜெயபாலனிடம் இதை யாருக்கோ வந்ததுபோலச் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஜெயபாலன் விடுவானா? "ஏன் மச்சான், நீ எத்தன மாசம்?" என்று கேட்டு, அங்கே குப்பை அள்ள வந்தவர்கள்வரை சிரிக்க வைத்துவிட்டான். அதோடு என் தம்பி வாயை மூடிக்கொண்டான்.

அதன்பிறகு அவன் செய்ததை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவனே என்னிடம் சொன்னான். கிளினிக்குக்குப் போனால் பேர் பதிவாகும், கம்பெனிக்குத் தெரியும், சீருடையைக் கழற்றச் சொல்லுவார்கள். ஈஸ்டருக்குள் இரத்தத்தை ஏற்றிக்கொண்டு போய்ச் சோதனையில் நின்றுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மருந்தோ வீட்டிலேயே இருக்கிறது. மகளுக்குக் கொடுத்த பொட்டலத்திலிருந்து தினமும் காலையில் ஒரு மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். போய் எதோடு முழுங்கினான் தெரியுமா? எதிர்க் கடையிலிருந்து வரவழைக்கிற தே தாரிக்கோடு. அத்தனையும் காதில் வாங்கியவன், டீயோடு முழுங்கினான். அறிவுகெட்டவனை என்னவென்று சொல்ல.

வீட்டில் மாத்திரை வேகமாகத் தீர ஆரம்பித்தது. ஜூடித் என்னிடம், "அத்த, நா ரெண்டு தடவ போட்டுர்றேனா?" என்று கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மறதி சகஜம் என்று சொல்லி வைத்தேன். முன்கூட்டியே தீர்ந்துவிட்டது என்று அவள் கிளினிக்கில் போய்க் கேட்டபோது, மிசி முறைத்துக்கொண்டே கொடுத்தாளாம். இன்னொரு தடவை போய்க் கேட்க அவளுக்கு வெட்கம். என்னிடமும் சொல்லாமல், இருக்கிறது அடுத்த தவணைவரை வரட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறாள்.

தவக்காலத்தின் நடுவில் அடுத்த தவணை வந்தது. மூன்று பேரும் போனோம். ஜூடித்தின் விரலில் குத்தி, கருவியில் வைத்துப் பார்த்த மிசி புஷ்பலதாவின் முகம் கடுத்தது. எண் ஏறவில்லை, போன தடவையைவிட இறங்கியிருந்தது.

"மாத்திரைய குப்பத்தொட்டில போடறியா?" என்று கேட்டாள்.

"இல்ல மிசி, சத்தியமா போடறேன்."

"போட்டா ஏறணும். பதினொன்னு இருக்கணும், ஒனக்கு எட்டரைகூட இல்ல. பிரசவத்துல ரத்தம் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? பொய் சொல்லாத."

"பொய் இல்ல மிசி. தீந்து தீந்து போயிருது. அதான் வெச்சு வெச்சு போட்டேன்."

"தீந்து போயிருதா? நீ போடலன்னா வேற யாரு போடறா, வீட்டுப் பூனையா?"

வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜூடித்துக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த மிசிமேல் ஆத்திரமான ஆத்திரம். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கதவோரம் நின்ற என் தம்பியைப் பார்த்தேன். கார் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஒரு பொட்டு இரத்தம் இல்லை. வெளியே போகப் போகிறான் என்று நினைத்தேன். ஒரு காலை எடுத்துக்கூட வைத்தான். மகள் விம்முகிற சத்தம் கேட்டு நின்றுவிட்டான்.

"மிசி, அந்தப் பிள்ளைய திட்டாதீங்க. நாந்தான் சாப்ட்டேன்" என்றான்.

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. மிசி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஜூடித்தை எழுப்பி, அந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்து விரலில் குத்தினாள். கருவியைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலிலும் குத்தினாள்.

"அஞ்சு புள்ளி ஒன்னு" என்றாள். "ஆம்பளைக்குப் பதிமூணு இருக்கணும்ணே. இந்த அறையில மாசமா இருக்கிற எல்லாரையும்விட ஒங்களுக்குத்தான் கொறைவு. வேற என்ன மருந்து போடறீங்க?"

முட்டி மாத்திரையைச் சொன்னான். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"வெளிக்குக் கருப்பா போகுதா?"

"போகுது. மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் நா பயப்படல."

"எப்பருந்து போகுது?"

விரலை விட்டு எண்ணிப் பார்த்தான். "கிறிஸ்மஸுக்கு முன்னாடியே போச்சு."

"ஜூடித்தோட மாத்திரைய எப்பருந்து போடறீங்க?"

"தைப்பூச லீவு முடிஞ்சு."

சொல்லிவிட்டு அவனே நிமிர்ந்து பார்த்தான். அறையில் யாரும் சிரிக்கவில்லை. மாத்திரைக்கு முன்னாலேயே கருப்பு வந்துவிட்டது. வயிற்றுக்குள் எங்கோ இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது, இவன் அதை இரும்புச்சத்தின் கணக்கில் சேர்த்துவிட்டு நிம்மதியாகக் கேட்டில் நின்றிருக்கிறான்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடறேன். எந்திரிக்காதீங்க" என்றாள் மிசி.

"நாளைக்கு வேலை இருக்கு மிசி. இன்னிக்கு சாய்ந்திரம் போயி ஜெயபாலன்கிட்ட சொல்லிட்டு, நாளைக்கழிச்சு வாரேன்லா."

"சாவியக் குடுடா" என்றேன் நான். தரமாட்டேன் என்று கையை மூடினான். விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் அவனை அந்தக் கர்ப்பிணிகளின் வரிசைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனார்கள். சிரித்தவளும் காலை மடக்கி வழிவிட்டாள்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். அந்தப் பேர் தெரியாத மாத்திரை அரித்தது. புண்ணை அடைத்து, இரத்தம் ஏற்றினார்கள். சின்ன வயது டாக்டர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இரும்பு மாத்திரை கெட்டது இல்லை ஆன்ட்டி. ஆனா தொட்டியில ஓட்டைய வெச்சிக்கிட்டு தண்ணி ஊத்துனா நிக்குமா? ரத்தசோகைன்னு தெரிஞ்சா அது ஏன் வந்துச்சுன்னு பார்க்கணும். ஆம்பளைங்களுக்கு வந்தா கட்டாயம் பார்க்கணும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நின்ன எடத்துலயே விழுந்திருப்பாரு" என்றார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனை ஆத்திரம் தீர ஏசினேன்.

சூப்பர்வைசர் போன் பண்ணினான். நான்தான் எடுத்தேன். எப்போது வருவார் என்று கேட்டான். நிற்கிற வேலை இப்போதைக்குக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "சரி, ஒடம்ப பாத்துக்கச் சொல்லுங்க. அப்புறம் பார்ப்போம்" என்றான். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"வேலை போச்சாக்கா?" என்றான் தம்பி.

"போச்சு. செத்திருந்தாலும் போயிருக்கும்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்படியே, "ஜூடித்துக்கு ஏறுச்சா?" என்று கேட்டான். மருந்தை ஊசியாகப் போடப் போகிறார்கள், ஏறிவிடும் என்றேன். அவள் அப்பா மேல் கோபமாக இருக்கிறாளா என்று அவன் கேட்கவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். அதோடு அவனுக்குக் கஞ்சியும் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாவது நாள் மதியம் ஜெயபாலன் வந்தான், சீருடையோடு. புது ஆள் கிடைக்கும்வரை பகலும் இரவும் அவனே நிற்கிறானாம். கேட்டைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறான். ரொட்டியும் மைலோவும் கொண்டுவந்து வைத்தான். என் தம்பியைக் கேலி பண்ண ஒரு வார்த்தையும் அவன் வாயில் வரவில்லை. கட்டிலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வாரேன் மச்சான்" என்று கிளம்பினான். வழியனுப்ப நான் லிஃப்ட்வரை போனேன்.

"அக்கா, அந்தக் கருப்பு" என்று ஆரம்பித்தான். பக்கத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தான். "அது எத்தன நாளு போனா பயப்படணும்?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த ஆள், பார்த்தால் ஒன்றும் தெரியாது. உதட்டைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன்.

"ஒனக்கு எப்பருந்துடா?"

"தீபாவளிலேருந்து. எனக்கு ஒன்னும் இல்லக்கா, சும்மாதான் கேட்டேன். புது ஆளு வந்ததும் போயி பார்த்துர்றேன்."

"இப்பவே வா. கீழதான் எமர்ஜென்சி."

"ஐயோ முடியாதுக்கா. கேட்டுல ஆளில்ல. நானும் படுத்துட்டா வீட்ல சோறு யாரு போடறது? என் மவன் தீபன் இன்னும் படிச்சிக்கிட்டிருக்கான்."

லிஃப்ட் கதவு திறந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே ஏறினேன். கீழே இறங்கியதும் வாசல் பக்கம் திரும்பினான். நான் எமர்ஜென்சி பக்கம் திரும்பினேன். பிஸ்கட் பெட்டி தூக்கிய கைதான், ஆனாலும் அது கிழவியின் கை. ஆறடி ஆள் ஓர் உதறு உதறினால் நான் சுவரில் போய் விழ வேண்டும்.

"விடுங்கக்கா" என்று சொல்லி அவன் உதறினான். கை என் பிடியிலேயே இருந்தது. இன்னொரு தடவை பலத்தைக் கூட்டி உதறினான். அப்போதும் வரவில்லை. மூச்சு வாங்க நின்று, என் விரல்களுக்குள் கிடக்கிற தன் கையை யாருடையதோபோலப் பார்த்தான். பிறகு என்கூட நடந்து வந்தான்.